குளியல் தொட்டியில் ஒரு முதலை

ஒரு அடி நீளத்துக்கு மரக் கைப்பிடி. அதன் முனையில் பட்டையான இரும்புத் தகடு. பார்த்தால் நம் ஊர்க் களைக்கொத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். கலிஃபோர்னியப் பண்ணைகளில் வேலை பார்த்த மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘எல் கொர்த்தீத்தோ’. ஸ்பானிய மொழியில் குட்டையன். சலீனாஸ் பள்ளத்தாக்கின் லெட்டூஸ் வயல்களில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இடுப்பை மடித்து, தலை தரையைப் பார்க்க, அந்தக் குட்டையனோடு வரிசை வரிசையாக நகர்வார்கள். வேலையை விட்ட பிறகும் முதுகுவலி அவர்களை விடாது. நீளக் கைப்பிடி போட்ட கருவி இல்லாமல் இல்லை; நிமிர்ந்து நின்றே அதே களையை எடுக்கலாம். பண்ணை முதலாளிகள்தான் ஒப்பவில்லை. குட்டையன்தான் பயிரைக் காயப்படுத்தாது என்றார்கள். அவர்களுக்கு வேறொரு சௌகரியமும் இருந்தது. வரப்பில் நிற்கும் மேஸ்திரி ஒரு பார்வை பார்த்தால் போதும்: குனிந்திருப்பவன் வேலை செய்கிறான், நிமிர்ந்திருப்பவன் ஏய்க்கிறான்.

1975ல் குட்டையன் ஒழிந்தான். மாநில உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட, புதிதாகப் பதவிக்கு வந்திருந்த ஆளுநர் ஜெர்ரி பிரவுனின் நிர்வாகம் அதைத் தடை செய்தது. வேளாண்மையும் தொழிலாளர் நலனும் அப்போது ஒரே துறையின் கீழ் இருந்தன. அந்தத் துறையின் தலைமையில் இருந்தவர் 38 வயது வழக்கறிஞர், ரோஸ் எலிசபெத் பேர்ட். கலிஃபோர்னிய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்.

இரண்டே ஆண்டில் அவர் அந்த மாநிலத்தின் தலைமை நீதிபதி ஆனார். அதிலிருந்து ஒன்பதரை ஆண்டு கழித்து, 1986 நவம்பர் 4 அன்று, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் தேர்தல் முழுக்கப் பேசப்பட்டது கொலையாளிகளைப் பற்றி. லெட்டூஸ் வயலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பேர்டின் கதையை வயலில் தொடங்காமல் நீதிமன்றத்தில் தொடங்கினால், அவருக்கு அத்தனை எதிரிகள் எங்கிருந்து முளைத்தார்கள் என்பது கடைசிவரை விளங்காது.

எல்லாவற்றிலும் முதல்

பேர்ட் பிறந்தது 1936ல், அரிசோனாவின் டூசான் அருகே. ஐந்து வயதில் அப்பா போய்விட்டார். அம்மா ஆன், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோழிப் பண்ணையில் தாக்குப்பிடிக்கப் பார்த்து, முடியாமல் போய், பிறகு நியூயார்க் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து தொழிற்சாலையில் வேலை பார்த்தார். படிப்பு ஒன்றுதான் சொத்து என்று நினைக்கும் தாய்மார்களை நமக்குத் தெரியும். ஆன் அந்த ரகம். மகள் உதவித்தொகையில் படித்தார். லாங் ஐலண்டில் பட்டம், பிறகு பெர்க்லியில் சட்டம். அங்கே வெளிநாட்டு மாணவர்களும் உள்நாட்டு மாணவர்களும் சேர்ந்து தங்கும் விடுதியில் பழக்கமானவர்களில் ஒருவர் ஜெர்ரி பிரவுன். அவருடைய அப்பா அப்போது மாநில ஆளுநர்.

1965ல் சட்டப் படிப்பு முடிந்தது. நெவாடா உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியின் சட்ட உதவியாளர் ஆனார். அந்தப் பணியில் முதல் பெண். அடுத்து கலிஃபோர்னியாவின் சாந்தா கிளாரா கவுன்ட்டியில், வக்கீல் வைக்கக் காசில்லாதவர்களுக்காக அரசுச் சம்பளத்தில் வாதாடும் அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கும் முதல் பெண். ‘முதல் பெண்’ என்ற பட்டத்தை நாம் மாலை மாதிரி போட்டுவிடுகிறோம். போட்டுக்கொண்டவருக்குத்தான் தெரியும், சந்தேகம் வந்தால் காதோடு கேட்க அந்தக் கட்டடத்தில் இன்னொரு பெண் கிடையாது என்பது. தனியாகத் தயாரித்து, தனியாகச் சரிபார்த்து, யாரிடமும் மனம்விட்டுப் பேசாமல் வேலை செய்யும் பழக்கம் பேர்டுக்கு அங்கேதான் படிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிற்காலத்தில் அது அவரைக் காப்பாற்றியதைவிடக் காயப்படுத்தியதுதான் அதிகம்.

எட்டு ஆண்டு அந்த வேலை. கூடவே ஸ்டான்ஃபோர்டில் சட்டம் கற்பித்தார். 1974ல் பிரவுன் ஆளுநர் தேர்தலில் நின்றபோது தொண்டராகச் சேர்ந்து, வேட்பாளருக்குக் கார் ஓட்டும் வேலையைக்கூடச் செய்தார். வெற்றிக்குப் பிறகு அமைச்சரவைப் பதவி.

அந்தப் பதவியில் குட்டையனை ஒழித்தது சின்ன வேலை. பெரிய வேலை 1975ன் பண்ணைத் தொழிலாளர் சட்டம். அமெரிக்கத் தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சங்கம் வைக்கும் உரிமையை 1935லேயே மத்திய அரசு சட்டமாக்கிவிட்டது. பண்ணைத் தொழிலாளியை மட்டும் அதிலிருந்து கழற்றிவிட்டிருந்தார்கள். பண்ணைத் தொழிலாளர் தலைவர் செசார் சாவேஸ் திராட்சைப் புறக்கணிப்பு, உண்ணாவிரதம், நெடும்பயணம் என்று பத்து ஆண்டுக்கும் மேலாகப் போராடியது அந்த உரிமைக்காகத்தான். பண்ணை முதலாளிகள், சாவேஸின் சங்கம், அதோடு மல்லுக்கு நின்ற லாரி ஓட்டுநர் சங்கம் ஆகிய மூன்று தரப்பையும் பேசவைத்து, ரகசிய வாக்கெடுப்பில் தொழிலாளியே தன் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற சட்டத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பேர்ட். முதலாளிகள் கையெழுத்துக்கு ஒப்பினார்கள். மறக்க ஒப்பவில்லை.

நாற்காலி

இங்கே ஒரு விளக்கம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாக ஓர் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. மாநிலச் சட்டத்தைப் பொறுத்தவரை அதன் சொல்தான் கடைசிச் சொல். கலிஃபோர்னியாவின் நீதிமன்றத்தில் ஏழு பேர். நாற்பதுகளிலிருந்து அதற்கு நாடு முழுக்க ஒரு மரியாதை இருந்தது. பழுதான பொருளை விற்ற கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும் என்பது போன்ற விதிகளை அங்கே எழுதினால் மற்ற மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொள்ளும்.

1977ல் அதன் தலைமை நாற்காலி காலியானது. மூத்த நீதிபதிகளில் ஒருவர் ஸ்டான்லி மாஸ்க். முன்னாள் அட்டர்னி ஜெனரல், பெயர்பெற்ற நீதிபதி. எல்லோரும் அவரைத்தான் எதிர்பார்த்தார்கள். பிரவுன் நியமித்தது, ஒருநாள்கூட எந்த நீதிமன்றத்திலும் நீதிபதியாக உட்கார்ந்திராத 40 வயதுப் பெண்ணை. அந்த நீதிமன்றத்தில் அதுவரை பெண் நீதிபதியே கிடையாது. முதல் பெண் நீதிபதியும் முதல் பெண் தலைமை நீதிபதியும் ஒரே நாளில் ஒரே ஆள்.

அனுபவம் இல்லை என்ற குற்றச்சாட்டைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். அதே நீதிமன்றத்தின் பெருமை என்று கொண்டாடப்பட்ட ரோஜர் டிரெய்னர் 1940ல் நேராகப் பேராசிரியர் வேலையிலிருந்து வந்தவர். எர்ல் வாரன் கலிஃபோர்னிய ஆளுநர் பதவியிலிருந்து நேராக அமெரிக்காவின் தலைமை நீதிபதி ஆனார். அவர்களை யாரும் ‘கற்றுக்குட்டி’ என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. டிரெய்னர் சாதாரண நீதிபதியாக 24 ஆண்டு இருந்து பிறகே தலைமைக்கு வந்தார். பேர்டுக்கு அந்தப் பயிற்சிக் காலம் கிடைக்கவில்லை. பிரவுன் அவருக்குச் செய்தது மரியாதையா, அபகாரமா என்பது எனக்கு இன்றும் தீராத கேள்வி.

நியமனத்தை உறுதி செய்யும் குழுவில் மூவர். பண்ணை முதலாளிகளின் அமைப்புகள் எதிர்த்தன. பண்ணைத் தொழிலாளர் வாரியத்தின் தலைவராக இருந்த ஆயர் ரோஜர் மஹோனி, பேர்டின் குணத்தைக் குறைகூறிக் கடிதம் எழுதினார். கடைசியில் பேர்ட் 2க்கு 1 என்ற கணக்கில் கரையேறினார்.

வந்தவுடன் தலைமை நீதிபதிக்கான சொகுசுக் காரை வேண்டாம் என்றார். விமானத்தில் சாதாரண வகுப்பு. மேல் நீதிமன்றத்தில் யாராவது விடுப்பில் போனால் தற்காலிகமாக உட்கார ஓய்வுபெற்ற பெரிய நீதிபதிகளையே அழைக்கும் வழக்கத்தை மாற்றி, கீழமை நீதிபதிகளை, அதிலும் பெண்களையும் சிறுபான்மையினரையும் தேடி அழைத்தார். நல்ல காரியங்கள்தான். ஆனால் காலங்காலமாக இருந்த ஊழியர்களை நம்பாமல் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். உடனிருந்த நீதிபதிகளோடு உட்கார்ந்து பேசுவது குறைவு. இரவு வெகுநேரம் விளக்கு எரியும் அறை, சாத்திய கதவு. நாற்காலி பறிபோன மாஸ்க்கின் மனத்தாங்கல் ஒருபக்கம். எரிச்சலான ஊழியர்கள் பத்திரிகையாளர்களிடம் பேசத் தொடங்கினார்கள்.

அண்டை வீட்டு வரி

கலிஃபோர்னியாவில் நீதிபதியை ஆளுநர் நியமிப்பார். ஆனால் அடுத்த ஆளுநர் தேர்தலின்போது அவர் பெயர் வாக்குச் சீட்டில் வரும். எதிர் வேட்பாளர் கிடையாது. இவர் தொடரலாமா? ஆம், இல்லை. அவ்வளவுதான். 1934ல் வந்த இந்த ஏற்பாட்டில் அதுவரை ஒரு மேல் நீதிமன்ற நீதிபதிகூடத் தோற்றதில்லை. வாக்காளர்கள் பெயரைக்கூடப் படிக்காமல் ‘ஆம்’ குத்திவிட்டுப் போவார்கள்.

பேர்டின் முதல் வாக்கெடுப்பு 1978 நவம்பரில். அதற்கு முன்பு ஜூனில் கலிஃபோர்னிய மக்கள் ‘13ஆம் முன்மொழிவு’ என்ற புகழ்பெற்ற வரிச் சட்டத்தை நேரடி வாக்கெடுப்பில் பெருவாரியாக நிறைவேற்றியிருந்தார்கள். வீட்டு வரி அதன் மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மதிப்பை 1975ன் கணக்கிலேயே நிறுத்தி, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது. வீடு கைமாறினால் மட்டும் புது விலைக்கு வரி. அந்தச் சட்டம் செல்லுமா என்ற வழக்கு செப்டம்பரில் தீர்ப்புக்கு வந்தது. செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரே ஒருவர் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வீடுகள்; ஒரே அளவு, ஒரே மதிப்பு. ஒருவர் முன்பே வாங்கினார் என்பதற்காகக் குறைந்த வரி, இன்னொருவர் இப்போது வாங்கினார் என்பதற்காகப் பல மடங்கு வரி. இது சட்டத்தின் முன் சமம் ஆகுமா? கேட்டவர் ரோஸ் பேர்ட். தன் தலைக்கு மேல் வாக்கெடுப்பு தொங்க இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது.

தேர்தலுக்குப் பிறகு இதை எழுதியிருந்தாலும் சட்டத்தில் ஒன்றும் மாறியிருக்காது. யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அவருக்கு அப்படி ஒரு யோசனையே வராதது அவருடைய பெருமையும் கோளாறும்.

வாக்கெடுப்பு நாள் காலையில் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ ஒரு குண்டைப் போட்டது. துப்பாக்கியோடு குற்றம் செய்தால் கட்டாயச் சிறை என்ற சட்டத்தைத் தளர்த்தும் ஒரு தீர்ப்பு தயாராகிவிட்டதாகவும், தேர்தல் முடியட்டும் என்று அதை நிறுத்தி வைத்திருப்பதாகவும் செய்தி. பேர்ட் 52 சதவீதத்தைத் தொடாமல் தப்பித்தார். பிறகு, விசாரியுங்கள் என்று அவரே கேட்டார். 1979ல் ஒரு மாநில உச்ச நீதிமன்றத்தின் அந்தரங்கம் அமெரிக்காவில் அதுவரை நடந்திராத விதத்தில் பொது விசாரணையில் கடைபரப்பப்பட்டது. நீதிபதிகள் ஒருவர் பின் ஒருவராகச் சாட்சிக் கூண்டில். மாஸ்க் பொதுவில் சாட்சி சொல்ல மறுத்து, அதற்கும் வழக்குப் போட்டு, ஜெயித்தார். மீதி விசாரணை மூடிய கதவுக்குள் போனது. எவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை என்று முடித்தார்கள். ஆனால் ஏழு பேரும் ஒருவரையொருவர் நம்பாத ஏழு பேர் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் களேபரத்தின் நடுவிலும் அந்த நீதிமன்றம் செய்த வேலை கொஞ்சமல்ல. வணிக வளாகம் தனியார் சொத்தாக இருந்தாலும் அங்கே மாணவர்கள் அமைதியாகக் கையெழுத்து வாங்கலாம் என்ற 1979ன் தீர்ப்பை வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மறு ஆண்டு ஏற்றது. விபத்தில் அடிபட்டவர், எதிராளியின் காப்பீட்டுக் கம்பெனி இழுத்தடித்தால் அந்தக் கம்பெனி மேலேயே வழக்குப் போடலாம் என்று இன்னொரு தீர்ப்பு. காப்பீட்டுக் கம்பெனிகளும் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டன.

பேர்ட் எழுதிய மாறுபட்ட தீர்ப்புகளில் எனக்குப் பிடித்தது டிராகுலா வழக்கு. பழைய படத்தில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி 1956ல் இறந்துவிட்டார். அவர் முகத்தைப் போட்டுப் பொருள்கள் விற்க ஸ்டூடியோ மற்றவர்களுக்கு உரிமம் கொடுத்தது. மனைவியும் மகனும் பங்கு கேட்டார்கள். செத்தவர் முகத்துக்கு வாரிசு கிடையாது என்றது பெரும்பான்மை. ஒருவர் வாழ்நாளெல்லாம் உழைத்துச் சம்பாதித்த புகழ் அவர் பிள்ளைகளுக்குப் போகக்கூடாதா என்று பேர்ட் நீண்ட மறுப்பு எழுதினார். சில ஆண்டுகளில் சட்டமன்றமே அவர் பக்கம் வந்து, 1984ல் வாரிசுகளுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. இன்று செத்துப்போன நடிகர்களைக் கம்ப்யூட்டரில் உயிர்ப்பிக்கிறார்கள்; அந்தச் சண்டைகளிலெல்லாம் இந்த மறுப்பின் வாடை அடிக்கும்.

அறுபத்தொன்று

இனி அந்த எண்ணுக்கு வரவேண்டும். பேர்டின் முன் வந்த மரண தண்டனை வழக்குகள் 61. அறுபத்தொன்றிலும் தண்டனையை ரத்து செய்ய வேண்டும் என்றே அவர் வாக்களித்தார்.

ஒன்றில்கூடவா தண்டனை சரியாக இல்லை? சாதாரண மனிதன் கேட்கும் கேள்வி இது. இதை அறியாமை என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நியாயமான கேள்வி. அதற்குப் பாதி பதில் இருக்கிறது; பாதிக்கு இல்லை.

இருக்கும் பாதி இது. கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1972ல் மரண தண்டனையைச் செல்லாது என்றது. அதே ஆண்டு மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தில் அதைத் திரும்ப நுழைத்தார்கள். 1977ல் ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் டியூக்மேஜியன் என்ற செனட்டர். பிரவுன் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தியும் சட்டமன்றம் மீறி நிறைவேற்றியது. 1978ல் இன்னும் கடுமையான சட்டத்தை மக்கள் நேரடியாக வாக்களித்துக் கொண்டுவந்தார்கள், பேர்டின் முதல் வாக்கெடுப்பு நடந்த அதே நாளில். அந்தச் சட்டத்தை அவசரத்தில் எழுதியிருந்தார்கள். ஓர் உதாரணம்: கொள்ளையின்போது நடந்த கொலையில் மரண தண்டனை தர, கொல்லும் எண்ணம் இருந்தாக வேண்டுமா? சட்டத்தின் வாசகம் தெளிவாகச் சொல்லவில்லை. எண்ணம் இருந்தாக வேண்டும் என்று 1983ல் நீதிமன்றம் தீர்த்தது. அந்த எண்ணத்தைப் பற்றி ஜூரிகளைக் கேட்காமலே முடிந்துபோன பழைய வழக்குகள் வரிசையாகச் சரிந்தன.

இன்னோர் உதாரணம் இன்னும் சுவாரசியமானது. ஆயுள் தண்டனை கொடுத்தால் ஆளுநர் அதைக் குறைத்துக் கைதியை வெளியே விடலாம் என்று ஜூரிகளுக்கு நீதிபதி சொல்ல வேண்டும் என்றது புதுச் சட்டம். மரண தண்டனையையும் அதே ஆளுநர் அதே மாதிரி குறைக்கலாம் என்பதைச் சொல்லச் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொல்லி ஓர் உயிரை எடுக்கச் சொல்வதா என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. வாஷிங்டனின் உச்ச நீதிமன்றம், நாட்டின் அரசியல் சட்டப்படி இது தப்பில்லை என்று திருப்பி அனுப்பியது. எங்கள் மாநில அரசியல் சட்டப்படி தப்பு என்று கலிஃபோர்னியா 1984ல் மறுபடியும் தள்ளியது.

இந்த வழக்குகளில் பேர்ட் தனியாக நின்றது சிலவற்றில்தான். பெரும்பாலானவற்றில் மூன்று நான்கு சகாக்கள் கூடவே இருந்தார்கள். மாஸ்க் பல தடவை இருந்தார். ஆனால் மற்றவர்கள் சில வழக்குகளிலாவது தண்டனையை உறுதி செய்தார்கள். பேர்ட் ஒருமுறைகூட இல்லை. பதில் இல்லாத பாதி அதுதான். ஒவ்வொன்றிலும் அவர் எழுதிய காரணம் சட்டக் காரணம்தான். அறுபத்தொன்றையும் அடுக்கி வைத்துப் பார்க்கும்போது ஒரு மனசாட்சி தெரிகிறது. தெரிந்ததைத் தெரிந்ததாகவே அவர் சொல்லியிருக்கலாம்.

சகாவாக இருந்து 1985ல் ஓய்வு பெற்ற நீதிபதி ஆட்டோ காஸ் ஓர் உவமை சொன்னார். காலையில் சவரம் செய்யக் குளியலறைக்குப் போகிறீர்கள். தொட்டியில் ஒரு முதலை கிடக்கிறது. அதைப் பார்க்காமல் சவரம் செய்துவிட்டு வரத்தான் முயல்வீர்கள். ஆனால் முதலையை மறந்து சவரம் செய்ய யாரால் முடியும்? தேர்தல் வரும் ஆண்டில் சிக்கலான வழக்கைத் தீர்ப்பது அப்படித்தான் என்றார். பேர்டைத் தவிர மற்ற எல்லோருக்கும் முதலை தெரிந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

பறவை வேட்டை

1983ல் டியூக்மேஜியன் ஆளுநராகிவிட்டார். 1986ல் அவருடைய மறுதேர்தலும் ஆறு நீதிபதிகளின் வாக்கெடுப்பும் ஒரே சீட்டில் வந்தன. பேர்டோடு, பிரவுன் நியமித்த குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் க்ரோடின் இருவரையும் தோற்கடிக்கச் சொன்னார் ஆளுநர். ரெய்னோசோ பழம் பறித்த குடும்பத்துப் பிள்ளை. அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் லத்தீன் இனத்தவர்.

பணம் வந்தது விவசாய நிறுவனங்களிடமிருந்து, எண்ணெய்க் கம்பெனிகளிடமிருந்து, காப்பீட்டுக் கம்பெனிகளிடமிருந்து. லட்சக்கணக்கில் டாலர். ஆனால் தொலைக்காட்சியில் வந்தது காப்பீடும் அல்ல, லெட்டூஸும் அல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் முகங்கள். இரண்டு வயதுக் குழந்தையைச் சித்திரவதை செய்து கொன்றவனின் வழக்கு அவற்றில் முக்கியமானது. அவன் குற்றவாளி என்பதை நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. வரம்பு மீறிய சோதனை வாரன்ட்டில் எடுத்த நாட்குறிப்பை தண்டனைக் கட்டத்தில் பயன்படுத்தினார்கள் என்பதற்காக மரண தண்டனையை மட்டும் ரத்து செய்தது. முப்பது விநாடி விளம்பரத்தில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல இடம் ஏது? சொன்னாலும் அழும் தாயின் முன் அது எடுபடுமா?

‘பேர்ட்’ என்றால் பறவை. கார்களின் பின்புறம் ‘பை பை பேர்டீ’ ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டன. அவர் தலைமுடியை எப்படி வாருகிறார் என்று பத்திரிகைகள் அலசின. மாஸ்க்கின் தலைமுடி பற்றி ஒருவரும் எழுதவில்லை.

பேர்ட் தேர்தல் ஆலோசகர்களை விலக்கிவிட்டார். தானே கேமராவைப் பார்த்துப் பேசிய விளம்பரங்களில் நீதித்துறையின் சுதந்திரம் பற்றிப் பேசினார். மரண தண்டனை பற்றி வாய் திறக்கவில்லை. நாளை வரும் வழக்கைப் பற்றி நீதிபதி இன்று பேசக்கூடாது என்பது அவர் வாதம். விதிப்படி சரி. ஊரே ஒரே கேள்வியைக் கேட்கும்போது வேறு கேள்விக்குப் பதில் சொல்பவரை ஊர் என்ன நினைக்கும்?

முடிவு: பேர்டுக்கு எதிராக ஏறக்குறைய 67 சதவீதம், ரெய்னோசோவுக்கு 60, க்ரோடினுக்கு 57. மாஸ்க் ஜெயித்தார். ஆளுநர் தன் முன்னாள் கூட்டாளி வழக்கறிஞரான மால்கம் லூகாஸைத் தலைமை நீதிபதி ஆக்கி, மூன்று புதிய நீதிபதிகளை நியமித்தார்.

புதிய நீதிமன்றம் தாமதிக்கவில்லை. கொல்லும் எண்ணம் பற்றிய தீர்ப்பு 1987ல் கவிழ்ந்தது. காப்பீட்டுக் கம்பெனி மேல் வழக்குப் போடும் உரிமை 1988ல் போனது. இரண்டாவதைப் பற்றித் தேர்தல் மேடையில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மரண தண்டனைகள் வரிசையாக உறுதியாயின. முதல் கைதி சான் க்வென்டின் சிறையின் விஷவாயு அறைக்குப் போனது 1992ல். அன்றிலிருந்து இன்றுவரை கலிஃபோர்னியா நிறைவேற்றிய மரண தண்டனைகள் மொத்தம் 13. கடைசி 2006ல். வரிசையில் காத்திருந்தவர்கள் ஒரு கட்டத்தில் எழுநூறைத் தாண்டினார்கள். 2019ல் ஆளுநர் கேவின் நியூசம் எல்லாவற்றையும் நிறுத்திவைத்து, அந்த அறையையும் மூடினார். பேர்ட் போனால் தண்டனை ஓடும் என்று நம்பி ‘இல்லை’ குத்தியவர்கள் எத்தனையோ லட்சம் பேர்.

பிறகு வந்தவர்கள்

அரை நூற்றாண்டாகத் தூங்கிக்கொண்டிருந்த வாக்குச் சீட்டுக்குப் பல் முளைத்துவிட்டது என்பதை மற்ற மாநிலங்களும் பார்த்துக்கொண்டன. டென்னஸியில் 1996ல் நீதிபதி பென்னி ஒயிட் பதவியிழந்தார். அவர் உச்ச நீதிமன்றத்தில் இருந்த காலத்தில் பங்கெடுத்த மரண தண்டனை வழக்கு ஒன்றே ஒன்று. அறுபத்தொன்று தேவைப்படவில்லை. ஐயோவாவில் ஒரே பாலினத் திருமணத்தை ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அனுமதித்த பிறகு 2010ல் மூவர் வாக்குச் சீட்டில் வந்தார்கள், மூவரும் தோற்றார்கள். அவர்களில் ஒருவர் அந்த மாநிலத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ். பெண் என்பதால் மட்டும் தோற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். டெர்னஸோடு தோற்ற இருவரும் ஆண்கள். முதலில் குறி வைக்கப்படும் முகம் எது என்பது மட்டும்தான் என் கேள்வி.

கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த பெண் நீதிபதி 1989ல் வந்தார்: ஜாய்ஸ் கென்னார்ட். நியமித்தவர் டியூக்மேஜியன். தலைமை நாற்காலியில் இன்னொரு பெண் உட்கார 2011 ஆனது. இப்போது அங்கே அடுத்தடுத்து இரண்டாவது பெண் தலைமை நீதிபதி இருக்கிறார்; அவருடைய முடியை யாரும் அலசுவதில்லை.

பேர்ட் பதவியை விட்டபோது வயது 50. 1976லேயே மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர். பிறகும் அது திரும்பத் திரும்ப வந்தது. பெரிய சட்ட நிறுவனம் எதுவும் அவரைக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச காலம் தொலைக்காட்சியில் கருத்துச் சொன்னார், கொஞ்சம் கற்பித்தார். பாலோ ஆல்ட்டோவில் அம்மாவோடு இருந்து, 1991ல் அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வழக்கறிஞர் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். 1999 டிசம்பர் 4 அன்று, 63ஆம் வயதில், அந்தப் பழைய நோயாலேயே இறந்தார்.

இடையில் ஒருநாள், பக்கத்து ஊரான கிழக்கு பாலோ ஆல்ட்டோவில் ஏழைகளுக்கான சட்ட உதவி மையம் ஒன்றுக்குப் போய், சம்பளம் வேண்டாம், ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். பதிவு இல்லாததால் வழக்கு நடத்த முடியாது. ஆகவே கோப்புகளை அடுக்கும் வேலையும் நகலெடுக்கும் வேலையும் கொடுத்தார்கள். பல மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொண்ட நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், வாடகை பாக்கிக்காரர்களின் மனுக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜெராக்ஸ் கண்ணாடியின் மேல் குப்புற வைத்து, மூடியைச் சாத்தி, பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.